ஒன்பதாவது லெட்சுமி

மலேசியாவின் ஈப்போவில், குடியுரிமை ஆவணம் தேடித் தரும் ஓர் உதவி மையத்துக்கு அம்மாவை அழைத்துப் போனபோது அந்த நிரலாளரைச் சந்தித்தேன். குட்டை முடி, தடித்த கண்ணாடி. எந்தப் பெயரையும் கண்மூடி ஒருமுறை முணுமுணுத்த பிறகே கணினியில் தட்டுவார்.

பிறப்புப் பதிவு கிடைக்காததால் அம்மா அதுவரை சிவப்பு ஐசி என்னும் அடையாள அட்டையோடுதான் இருந்தார், குடியுரிமை இல்லாமல்.

நான் அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும், "எழுத்துக்கூட்ட வேணாம் அண்ணே. அம்மாவே பேரைச் சொல்லட்டும்," என்றார் அவர்.

"லெட்சுமி," என்றார் அம்மா.

எழுத்து வேறானாலும் ஒலியில் ஒத்த பெயர்களையெல்லாம் அவர் எழுதிய நிரல் பழைய பிறப்புப் பதிவுகளிலிருந்து தேடித் தந்தது. ஒன்பதாவது பெயரைச் சுங்காய்த் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், 'லாச்சிமீ' என்று பதிந்திருந்தார். தகப்பன் மாரிமுத்து.

"இது எங்கப்பாதான்லா," என்று அம்மா திரையைத் தொட்டார்.

குடியுரிமைக்கான நீல ஐசி வந்ததும், "லெட்சுமிக்குக் கெடைச்சிடுச்சு," என்று நன்றி சொல்லப் போனேன்.

"எந்த லெட்சுமி அண்ணே? இந்த மாசம் மட்டும் நாலு லெட்சுமிக்குக் கெடைச்சிருக்கு," என்றார்.

அவர் முகத்திலிருந்த அந்தப் பெருமை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.