ஞாயிற்றுக்கிழமை நடவு

குத்தம்பாக்கத்துப் பக்கம் எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஏக்கர். சுற்றிலும் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு ஒரு வேளாண் ஆலோசகர் வந்தார், நல்ல மனிதர்தான். "நெல்லை மட்டும் நம்பினா இங்க தாக்குப்பிடிக்க முடியாதுங்க. பக்கத்துலயே இத்தனை ஃப்ளாட் இருக்கு. ஜனங்களை வரவழைச்சு விவசாயத்தைக் காட்டுங்க. அதுவும் விவசாயம்தான்" என்றார்.

"நான் இன்னா சர்க்கஸா நடத்தறேன்?" என்று என் வீட்டுக்காரர் முறைத்தார். ஆனால் அந்த வருஷம் மழைத் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகியிருந்தது. வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்தார்கள். நாற்று நட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நான் காய்ச்சிய கூழைக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நாங்கள் அத்தனையையும் பிடுங்கிப் போட்டுச் சேற்றைச் சமன் செய்வோம். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் எங்கே நடுவது? கைக்குக் காசு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிடுங்குகிற நாளில் என் வீட்டுக்காரர் கூழைத் தொடவே மாட்டார்.

ஓர் ஓரத்தை மட்டும் அவர் பிடுங்காமல் விட்டார். "பொங்கலுக்காவது நம்ம அரிசி வேவட்டும்" என்றார். கதிரும் வந்தது. சாயங்காலமானால் அங்கே போய் நின்றுகொள்வார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கூழைக் கேலி செய்தார்.

மார்கழியில் ஆலோசகர் கண்ணில் அந்தக் கதிர் பட்டது. மனிதருக்கு நிஜமான சந்தோஷம். "அறுவடையையும் காட்டிடலாமே! இந்த ஞாயிறு எங்க மேலதிகாரி வர்றார். மத்த விவசாயிகளையும் கூட்டிட்டு வர்றேன்."

"இன்னும் பாலாத்தான் கீது சார், மணி முத்தல. மூணு வாரம் ஆவும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளைங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? முடியாது என்றால் இந்தக் கூட்டம் வேறு பண்ணைக்குப் போய்விடும். பிறகு எதைத் தின்பது? ஞாயிற்றுக் கூழுக்கு மாவு அளக்கப் போனேன்.

ஞாயிறன்று பிள்ளைகள் பச்சைக் கதிரை அறுத்தார்கள். "விரலு பத்திரம், கண்ணு" என்று ஒவ்வொரு கையாகப் பிடித்து என் வீட்டுக்காரரே அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எங்களைப்போல எல்லோரும் மாற வேண்டும் என்று ஆலோசகர் பேச, கைதட்டினார்கள். வந்திருந்த விவசாயிகளில் ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "எத்தினி மூட்டை கண்டுது அண்ணாத்தே?"

என் வீட்டுக்காரர் அரிவாள்களைப் பொறுக்கிக் கட்டினார். கார்கள் எல்லாம் போன பிறகு எங்கள் மாட்டை அவிழ்த்து மிச்சப் பயிரில் விட்டார். தடுக்க ஓடினேன்.

"வுடு. மாடாவது நம்ம நெல்லைத் தின்னட்டும்" என்றார்.