கல்யாணத்தில் ஒலித்த மரண கானா

அப்பா இறந்த அன்று கொரட்டூர் வீட்டு வாசலில் பாடிய மரண கானாவைச் சித்தப்பா சிடியில் பதிந்து வைத்திருந்தார். அம்மா கதறியதும் அதில் இருக்கிறது. சொந்தங்களும் கேட்கட்டுமே என்று அதை எம்பித்ரீயாக மாற்றி இணையத்தில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த முட்டாள் நான்தான்.

போன மாதம் அம்மாவோடு கரையான்சாவடிக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனேன். டிஜே போட்ட குத்துப்பாட்டில் அப்பாவின் பெயர் கேட்டது. மேடைக்கு ஓடிப்போய், "யோவ், இது ஏதுய்யா பாட்டு?" என்று கத்தினேன்.

"நெட்ல கெடச்சது அண்ணாத்தே. நடுவுல ஒரு அம்மா அழுவும் பாரு, அங்கதான் கூட்டமே எய்ந்து ஆடும்."

பாட்டில் அம்மாவின் அழுகை வந்தது. கூட்டம் விசிலடித்து எழுந்தது. முன்வரிசையில் அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.