சாயம் படாத கை

மே மாதம் முதல் தேதி விடுமுறை என்றால் திண்டுக்கல்லில் மற்றவர்கள் ஃபேனுக்கு அடியில் கால் நீட்டிப் படுப்பார்கள். தெற்குத்தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் அன்றைக்குத்தான் தார் ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று தோன்றும். ஏன் என்று கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள். அன்று பாடுபடும் சூசையப்பர் திருநாள். தச்சு வேலை செய்து குடும்பம் காப்பாற்றிய அந்த நல்ல மனிதர் தம் வாழ்நாளில் யாரையும் வெயிலில் ஓடச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் 1984-இல் பூட்டுப் பட்டறை ஆட்களும் தோல் கிடங்கு ஆட்களும் சேர்ந்து அவர் பெயரில் ஆரம்பித்த ஓட்டம், கொரோனா காலத்து இரண்டு வருடங்கள் போக, இன்றுவரை நிற்கவில்லை.

கோயில் மைதானத்தில் புறப்பட்டு, செம்பட்டி ரோட்டில் ஆறாவது கிலோமீட்டரில் இருக்கும் புளியமரத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இரண்டாம் வருடமே ஒருவன் பாதி வழியில் கள்ளிப்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, திரும்பி வந்த கூட்டத்தோடு கலந்து மூன்றாம் பரிசு வாங்கிப் போனான். மறுவருடம் மரத்தடியில் அட்டை வில்லை கொடுத்தார்கள். அதையும் முந்தின நாளே வெட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள் நம் ஆட்கள். புனிதர் பெயரில் ஓடினாலும் புத்தி நம்முடையதுதானே.

அப்போதுதான் கஸ்பார் எழுந்தார். சின்னாளப்பட்டியில் சேலைக்கு நூல் சாயம் போடும் பட்டறையில் அவர் மேஸ்திரி. மரத்தடியில் ஒரு வாளி சிவப்புச் சாயத்தோடு தான் நிற்பதாகவும், வருகிறவனின் இடது உள்ளங்கையில் ஒரு முக்கு முக்கி அனுப்புவதாகவும், மூன்று நாளைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்றும் சொன்னார். கமிட்டிக்கு அது பிடித்துப் போயிற்று. சாயம் இருக்கும்போது வழிநெடுக ஆள் எதற்கு என்று மற்றவர்களை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மே முதல் வாரத்தில் தெற்குத்தோட்டத்து டீக்கடைகளில் சிவந்த கைக்குத் தனி மரியாதை. பரிசு வாங்காதவன்கூடக் கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டுதான் டீ குடிப்பான்.

அதைவிடப் பெரிய மரியாதை கஸ்பாருக்கு. கடைசி ஆள் திரும்பிய பிறகு அவர் தம் டிவிஎஸ் ஃபிப்டியில் மைதானத்துக்கு வருவார். முழங்கை வரை சிவப்பு. கமிட்டித் தலைவர் பிரான்சிஸ் மைக்கை அவர் வாய்க்கு நீட்டி, "கஸ்பாரு, ஒங் கை படாம எவனாச்சும் திரும்புனானா?" என்று கேட்பார். கஸ்பார் மீசையைத் தடவிக்கொண்டு, "எங் கை படாம ஒருத்தன் திரும்பிருவானா?" என்பார். விசில் பறக்கும். பரிசு அறிவிப்பதற்கு முன் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சேலைக்குச் சாயம் போடுகிறவனுக்கு யார் விசில் அடிக்கிறார்கள்? வருடத்தில் இந்த ஒரு நாள்தான் கஸ்பாருக்கு வெளிச்சம். அந்த ஒரு வரிக்காக அவர் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளையும் கழித்தார் என்று சொன்னால் மிகையில்லை.

1994-இல் ஒரு ஸ்பின்னிங் மில்லின் ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தங்கள் ஓட்டக்காரர் அணிக்கு ஆள் வேண்டும், முதலில் வருகிறவனுக்கு மில்லில் நிரந்தர வேலை என்றார்கள். அந்தக் காலத்தில் நிரந்தர வேலை என்றால் பெண் கொடுக்க வீடு தேடி வருவார்கள். அந்த வருடம் ஓடியவர்களில் மலைச்சாமி என்பவன் செம்பட்டிப் பக்கத்துக் காட்டு வேலைக்காரக் குடும்பத்துப் பையன். இருபத்திரண்டு வயது, காலில் செருப்புக்கூடக் கிடையாது. கோயில் கூட்டத்தில் அவனைத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

கஸ்பார் அன்றைக்கு வழியில் ஒரு இட்லிக் கடையில் வண்டியை நிறுத்தினார். பணியாரம் சூடாக இருந்தது. கடையில் இருந்தவர்களும் சாயக் கதையைக் கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? எப்படியும் முதல் ஆள் மரத்துக்கு வர இருபத்துமூன்று நிமிடம் ஆகும், ஏழு வருடமாக அவர் பார்த்த கணக்கு. கதையை முடித்து, மரத்தடிக்குப் போய், வாளியை இறக்கி, சாயப்பொடிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ரோட்டு வளைவில் ஒருவன் தனியாக வந்துவிட்டான். மலைச்சாமி. பத்தொன்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. அவனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லை.

அவன் இடது கையை நீட்டிக்கொண்டே வந்தான். கஸ்பாரிடம் வாளி இருந்தது, தண்ணீர் இல்லை.

"ஓடு அப்பு, நேரத்த விடாத. நான் வந்து சொல்லிக்கிறேன்" என்றார்.

அவன் மரத்தைத் தொட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு ஓடினான். கஸ்பார் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றடிக்கு ஓடித் தண்ணீர் எடுத்துவந்து கலக்கி முடித்தபோது இரண்டாவது ஆள் வந்தான். அவன் ராபின், பிரான்சிஸின் தங்கை மகன். அவன் கையும் பின்னால் வந்த அறுபது கைகளும் ஒழுங்காகச் சிவந்தன.

மைதானத்துக்கு மலைச்சாமி வந்து சேர்ந்தபோது மேளக்காரர்கள் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். அவ்வளவு சீக்கிரம். அதுவே அவனுக்கு வினையாயிற்று. இம்புட்டு வேகமா எவன் ஓடுவான் என்றார்கள். கையைப் பார்த்தார்கள், வெள்ளையாக இருந்தது. எதிரே திரும்பி வந்ததைப் பார்த்தோம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் மரத்தடியில் பார்த்தேன் என்று சொல்ல ஒருவன் இல்லை. வளைவுக்கு முன்னாலேயே திரும்பியிருப்பான் என்று பேச்சாயிற்று. கஸ்பார் அண்ணன் வரட்டும், அவர் சொல்லுவார் என்று மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கஸ்பார் வந்தார். வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார், சொல்லிவிடத்தான் வந்தார். இதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். ஆனால் வண்டியை நிறுத்தியதும் கூட்டம் விலகி வழிவிட்டது. பிரான்சிஸ் மைக்கை நீட்டினார். அதே கேள்வி. புத்தி விழிப்பதற்குள் பழகின நாக்கு முந்திக்கொண்டது.

"எங் கை படாம ஒருத்தன் திரும்பிருவானா?"

விசில் பறந்தது. இந்தத் தடவை விசிலோடு ஒரு ஊளையும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் கஸ்பார் பார்த்தார். மேடைக்குக் கீழே இரண்டு பேர் மலைச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் இடது கையை விரித்தபடி நின்று, "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றான்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். சாயம் கலக்கவில்லை என்று சொன்னால் பணியாரம் தின்ற கதையையும் சொல்ல வேண்டும், அதோடு சாயக்காரர் கேலிப்பொருளாகிவிடுவார். சாயந்தரம் பிரான்சிஸிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து வாளியைக் கழுவப் போய்விட்டார். சாயந்தரத்துக்குள் ராபினை மில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயாயிற்று. அதன் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மறுநாள் நினைத்தார். ஒரு வாரம் கழித்தும் அதையே நினைத்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மலைச்சாமிக்குப் 'பாதிரோடு' என்று பெயர் வைத்தார்கள். செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றால் பாதிரோடு, சந்தையில் தேங்காய் மூட்டை தூக்கினால் பாதிரோடு. இரண்டு சம்பந்தம் பேச்சோடு நின்றதற்கும் அந்தப் பெயர்தான் காரணம் என்பார்கள். அவன் ஓட்டத்தை விட்டுவிட்டு ஆயக்குடிக்குப் போய்க் கொய்யாத் தோப்புகளில் லோடு ஏற்றுகிறவனாக இருந்தான். பிறகு செம்பட்டி முக்கில் தள்ளுவண்டி போட்டான்.

கஸ்பார் சும்மா இருந்துவிடவில்லை. கடவுளிடம் சொன்னார். தவக்காலம் தோறும், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு இதைச் சொல்வார். பங்குச் சாமியார் மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொல்வார், இவரும் சொல்லிவிட்டு லேசான மனதோடு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடுவார். ஐந்து வருடத்துக்கு ஒரு சாமியார் மாறியது வசதியாக இருந்தது. இளவயதுச் சாமியார் ஒருவர் மட்டும், மந்திரம் கிடக்கட்டும், அந்த ஆளிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் மாறிப்போகும் வரை கஸ்பார் பக்கத்துப் பங்கில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மன்னிப்பு கேட்க வேண்டியவனை விட்டுவிட்டு மற்ற எல்லாரிடமும் மன்னிப்பு வாங்கி வைத்திருந்த மனிதர் அவர்.

இந்த வருடம் நாற்பதாவது ஓட்டம். இப்போது சாயம் இல்லை. ஷூவில் நேரம் குறிக்கும் ஒரு மின்னணுச் சில்லைக் கட்டிவிடுகிறார்கள், அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. கமிட்டிச் செயலாளர் ஸ்டீபன்ராஜ் பள்ளிக்கூட வாத்தியார், ஓட்டத்தின் வரலாற்றை எழுதி மலர் போட்டார். ராபின் இன்று ஊரில் பெரிய ஹார்டுவேர் கடைக்காரர், ஓட்டத்துக்குப் பந்தலும் பனியனும் அவர் உபயம். கஸ்பாருக்கு அறுபத்தாறு வயது, அவருக்குப் பொன்னாடை என்று முடிவாயிற்று. மலரின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார் ஸ்டீபன்ராஜ். 'ஏமாற்ற முடியாத சிவப்பு' என்று தலைப்புப் போட்டு, பாதி வழியில் திரும்பி வந்து கையும் களவுமாக அகப்பட்ட ஓட்டக்காரனின் கதை அதில் இருந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை.

கஸ்பார் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார். மலரிலேயே நல்ல கதை இதுதான் சார் என்று ஸ்டீபன்ராஜ் சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை.

மே ஒன்றாம் தேதி காலையில் அவர் மனைவி அமலராணி சட்டையை எடுத்துக் கொடுத்தபடி, "மேடையில போய்ப் பேசிக்கிட்டு நிக்காதீக. பேசுனா நீங்க ஒண்ணு கூடத்தேன் சொல்லுவீக" என்றாள். முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவள், புருஷன் வாயை அவளுக்குத் தெரியும். உள்ளே கிடப்பது தெரியாது.

ஓட்டம் புறப்பட்ட பிறகு மேடையில் மரியாதை தொடங்கியது. ஸ்டீபன்ராஜ் கஸ்பாரை அறிமுகப்படுத்த அந்தக் கதையையே மைக்கில் படித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல் 'பாதிரோடு' என்றது. கஸ்பார் குரல் வந்த பக்கம் பார்த்தார். ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் மலைச்சாமி நின்றிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட அந்த மைதானத்தில் கால் வைக்காதவர். மகள் தீபா இந்த வருடம் பெண்கள் ஓட்டத்தில் ஓடுகிறாள், அப்பாவுக்குப் பிடிக்காமல் பெயர் கொடுத்தவள் என்று பிறகு தெரிந்தது. அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார்.

கஸ்பார் எழுந்து மைக்கைப் பிடித்தார். எதையும் மறைக்கவில்லை, பணியாரத்திலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் இல்லாத வாளியைச் சொன்னார். நான் சொல்லிக்கிறேன் என்று அனுப்பியதைச் சொன்னார். மைக்கில் தான் சொன்ன பொய்யைச் சொன்னார். "அவன் மரத்தத் தொட்டுத்தேன் திரும்புனான். எங் கண்ணால பாத்தேன். அம்புட்டு வேகமா ஒருத்தன் ஓடி நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல" என்று முடித்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் செய்தார்.

ராபின் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்கு இது தெரியாது, அவர் ஒழுங்காகத்தான் ஓடினார். வாத்தியாருக்குச் சமயோசிதம் அதிகம். இன்று முதல் 1994-ஆம் வருடத்து முதல் பரிசு இருவருக்கும் உரியது என்று ஸ்டீபன்ராஜ் அறிவித்ததும் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. மலைச்சாமியைத் தேடிப் பிடித்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராபின் தமக்கு வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போட்டார். செல்போன்கள் உயர்ந்தன.

கஸ்பார் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மலைச்சாமி முன்னால் நின்றார். மன்னிச்சிரு என்ற வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

மலைச்சாமிக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. மைக்குக்குக் கேட்காத குரலில், மரியாதை குறையாமல்தான் பேசினார்.

"எங்கய்யா செத்துப் பதினாறு வருசம் ஆச்சுண்ணே. கடைசி நாள் எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு என்னைய மட்டும் கூப்புட்டாரு. 'ஏலே, எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லு, அன்னைக்கு முழுசா ஓடுனியா?'ன்னு கேட்டாரு. ஓடுனேன்யான்னு சொன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. நம்பலண்ணே."

பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, மகளின் செருப்போடு படி இறங்கி ரோட்டுப் பக்கம் போனார். கூட்டத்துக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. கீழே இன்னும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.