அம்பு ஒட்டிய இடம்

என் கைப்பேசியில் பதினொரு வினாடி வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் அம்மா இருக்கிறாள். மார்பகப் புற்றுநோயில் அவள் போய் இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்த வீடியோவை ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்திருக்கிறேன். அழிக்கவும் மனசு வரவில்லை.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் ஷூவைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில், தோல் சுருங்கிய இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. அம்பின் முனை குறையைக் காட்டும். வாய் திறக்கவே வேண்டாம், அடுத்த டேபிள்காரி புரிந்துகொள்வாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒழுகும் குழாய், விரிசல் விட்ட வாளி, தையல் பிரிந்த என் சுடிதார், எல்லாவற்றிலும் அம்பு. சொல்லமாட்டாள், ஒட்டுவாள். அப்பா இல்லாத வீடு, நான்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அப்போது நான் கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம். இல்லாத ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லருக்கு ஒன்றரை நிமிட டிரெய்லர் செய்துகாட்டச் சொன்னார்கள். எனக்குக் கதைக்கா பஞ்சம்? குறையுள்ள மனிதர்கள்மேல் அம்பு ஒட்டி, ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் ஒரு செக்கிங்காரி! மேல்விஷாரத்திலிருந்து வரும் என் தோழிதான் கேமரா. கேட்டதும் குதித்தாள்.

"செமடி! ஆனா கதைய ஜாஸ்தி சொல்லிடாத. பாக்கறவன் பேஜாராவணும், அவ்ளோதான்."

நோட்டில் பதினெட்டு ஷாட் எழுதினோம். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று ஒரு வாரம் சண்டை. கடைசி ஷாட்டில் மட்டும் சண்டை இல்லை. செக்கிங்காரி கண்ணாடி முன் நின்று தன் நெற்றியிலேயே அம்பு ஒட்டிக்கொள்கிறாள். திரை இருண்டு தலைப்பு வரும்.

நடிக்க ஆள் கிடைக்காமல் அம்மாவிடம் கதையைச் சொன்னேன்.

"குறை இருந்தா இன்னாத்துக்குடி கொல்றா? ரீவொர்க்குக்கு அனுப்பி சரிபண்ணணும்."

"ஐயோ அம்மா, அவளுக்கு மனசு சரியில்ல."

"யாராவது பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கணும்" என்றாள் அம்மா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஒத்திகைதான், என் கைப்பேசியிலேயே எடுத்தேன். பெரிய டைரக்டர் மாதிரி, "உன்கிட்ட இருக்கற குறைய நீயே கண்டுபிடிச்சா எப்டி இருக்கும்? அத நெனச்சு ஒட்டும்மா" என்றேன். அம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அம்பை எடுத்து, முந்தானையின் மேல், இடது அக்குளை ஒட்டி, மெதுவாக ஒட்டினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் வாய் அப்படி, தீ வைத்தால்கூடத் திருந்தாது. நெற்றி என்று நோட்டில் எழுதியிருக்கிறதே என்று தோழி எதிரிலேயே கத்தினேன். அம்மா அதை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "இப்ப சரியாடி?" என்றாள்.

டிரெய்லர் கைதட்டலை அள்ளியது.

மாரில் கட்டி என்று பெற்ற மகளிடம்கூடச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அவளுக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது உறைக்க, அவளால் இடது கையைத் தூக்க முடியாமல் போன நாள் வரவேண்டியிருந்தது. வேலூரில் டாக்டரம்மா திட்டினார். "இத்தன மாசமா வீட்ல யார்கிட்டயும் சொல்லலயா?"

அம்மா என்னைப் பார்க்காமல், "இல்லமா, யார்கிட்டயும் சொல்லல. என் தப்புதான்" என்றாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவள் போன மறுமாதம்தான் அந்த வீடியோவைத் திறந்தேன். அம்மா ஒட்டுகிறாள். விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, நான் பார்த்தேனா என்று நிமிர்ந்து பார்க்கிறாள். உடனே என் குரல்: "தப்புமா, தப்பு! அங்க ஒண்ணும் இல்ல, எடு."