அரைப்படி உகாய்

கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து, நான்காக மடித்த துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு, நேற்று முணுமுணுத்த அதே மெட்டை இன்றும் முணுமுணுக்கிறார் உகாய் நொபுஹிரோ. கண் மூடியிருக்கிறது. காது மட்டும் மூடவில்லை. தொட்டியின் மறு கோடியில், வெந்நீர்க் குழாயடியில் இடம் பிடித்திருக்கும் டோஃபு கடைக்காரர் நுகினாவின் வாயையே அது பார்த்துக்கொண்டிருக்கிறது. காது எப்படிப் பார்க்கும் என்று கேட்பவர்கள் உகாயின் காதைப் பார்த்ததில்லை.

எங்கள் கமேனோயு பொதுக் குளியலகம் மாலை நான்கு மணிக்குத் திறக்கும். திறக்கும்போது வாசலில் பிளாஸ்டிக் வாளியோடு நிற்கும் முதல் ஆள் உகாய்தான். அவர் வீட்டில் இரண்டு குளியலறைகள் இருக்கின்றன. ஒன்று பளிங்கு. அதில் அவருடைய பூனை தூங்குகிறது.

வாளியோடு நிற்கும் அவரைப் பார்த்தால், இந்த நாட்டின் கண்ணீரில் பாதி அவருடைய உற்பத்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருவர் பள்ளி முடித்து, காதலித்து, கல்யாணம் செய்து, விவாகரத்தாகி, கரோக்கி அறையில் தனியாக உட்கார்ந்து அழுவது வரை எல்லாக் கட்டத்துக்கும் உகாயிடம் ஒரு பாட்டு உண்டு. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பாட்டுதான், பாடகர்தான் வேறு என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். தாளமும் சில சமயம் மாறும்.

அதாமி வெந்நீர் ஊற்று விடுதியில், குடித்துவிட்டு மேசையில் ஏறி ஆடும் கம்பெனி ஊழியர்களுக்கு ஆர்கன் வாசித்து ஆரம்பித்தவர். பிறகு வெந்நீரில் கரைக்கும் ஒரு கறிக்குழம்புக் கட்டிக்கு விளம்பரப் பாட்டு. பிறகு பள்ளிச் சீருடை போட்டுப் பாடும் ஐந்து பெண்கள். அவர்கள் வளர்ந்து சீருடைக்குள் அடங்காமல் போனதும் வேறு ஐந்து பெண்கள். இன்று ஒரு இசைத்தட்டு நிறுவனத்தின் ஒரு மாடி முழுக்க அவருடையது. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு கைவேலை. கடைசிப் பல்லவி வரும்போது சுருதியை அரைப்படி மேலே ஏற்றிவிடுவார். பாட்டுக்குத் தேவையா என்று பார்க்கமாட்டார். பாடகிக்கு எட்டுமா என்றும் பார்க்கமாட்டார். ஒரு பெண்ணுக்கு மேடையிலேயே மூக்கில் ரத்தம் வந்தது. அந்த வாரமே பாட்டு முதலிடத்துக்கு வந்தது. தொழிலில் அவருக்கு ‘அரைப்படி உகாய்’ என்று பெயர். அந்தக் கலையின் தத்துவத்தை அவரிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். “மேல ஏத்துனா ஜனங்க அழுவாங்க. ஏன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சுட்டா எனக்கே அழுகை வந்துடும்” என்றார்.

அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம் போன்ற ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. ஆனால் எந்த மெட்டு தேறும், எது தேறாது என்று சொல்லும் கருவி அங்கே இல்லை. அது கமேனோயுவில், குழாயடியில் இருக்கிறது. நுகினாவுக்கு இசை தெரியாது. பிறந்தநாள் வாழ்த்தையே மூன்று சுருதியில் பாடக்கூடியவர். ஆனால் பிடித்த மெட்டு காதில் விழுந்தால் அது அவருக்குத் தெரியாமலே ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள், உடை மாற்றும் அறையில் ஒற்றைக்காலில் நின்று உள்ளாடை மாட்டும்போது மூக்கு வழியாக வெளியே வரும். வந்தால் அந்த மெட்டு ஒலிப்பதிவுக்குப் போகும். வராவிட்டால் குப்பைக்கூடைக்கு. இசைத்தட்டு நிறுவனத்தின் பிரிவுத் தலைவி செனோ ஃபுமியேயின் உண்மையான உத்தியோகம், குளியலக வரவேற்பறையில் காபிப்பால் குடித்தபடி உட்கார்ந்திருந்து, ஈரத் தலையோடு வெளியே வரும் உகாயிடம் “சார், முணுமுணுத்தாரா?” என்று கேட்பதுதான்.

இத்தனை காலமும் இந்த விஷயம் நுகினாவுக்குத் தெரியாது. தெரியாததால்தான் வேலை ஒழுங்காக நடந்தது.

போன வருடக் கடைசி நாள் எல்லாம் கெட்டது. நுகினாவும் அவர் மனைவி மசுயோவும் கால்களைக் கணப்பு வைத்த போர்வை மேசைக்குள் நீட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்தபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பாடகி தலையில் விளக்கு எரிய உகாயின் புதுப் பாட்டைப் பாடினாள். நுகினாவின் கையிலிருந்த சுளை நின்றுவிட்டது. கோடைக்காலம் முழுக்க டோஃபு அழுத்தும்போது அவர் முணுமுணுத்த மெட்டு அது. அப்போது அந்தப் பாட்டு வெளியாகவே இல்லை. மசுயோ சாட்சி. டோஃபு வாங்க வந்த தெருவே சாட்சி. யோசித்துப் பார்த்தார், அதற்கு முந்தைய வருடத்துப் பாட்டும் அப்படித்தான், அதற்கு முந்தையதும் அப்படித்தான். எந்த நீதிமன்றமும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆதாரம். நுகினா ஒரு முடிவுக்கு வந்தார்: நாட்டின் மாபெரும் இசையமைப்பாளர் தாமே, உகாய் என்பவன் குளிக்கிற சாக்கில் வந்து ஒட்டுக்கேட்கும் திருடன்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து குளியலகம் திறந்த அன்றே எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். “என் பாட்டை வித்து வீடு கட்டியிருக்கான்யா. கட்டட்டும். ஆனா கடைசியில ஒரு தூக்கு தூக்கி நாசம் பண்றான் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல.” ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கமிருந்து மசுயோவின் குரல், தான் அப்போதே சொன்னதாகவும் மனிதர் கேட்கவில்லை என்றும் வழிமொழிந்தது.

அன்றிலிருந்து நுகினா வாயில் குண்டூசி வைத்திருக்கும் தையல்காரர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு குளித்தார். உகாய் தொட்டியில் இறங்கினால் வெந்நீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிடுவார். நாளெல்லாம் குளிர்ந்த நீரில் கைவிட்டு டோஃபு எடுப்பவருக்கு அந்தச் சூடு சுகம். உகாய்க்கு அது சமையல். அவித்த நண்டு நிறத்தில் அவர் வெளியே வருவார். செனோ முகத்தைப் பார்த்தே கேட்காமல் விட்டுவிடுவாள்.

பரிசோதிக்கப்படாமல் இரண்டு பாட்டுகள் வெளியாயின. ஒன்று மறந்துவிட்டுப் போன குடையைப் பற்றியது. மற்றது பானம் விற்கும் இயந்திரத்தின் தனிமையைப் பற்றியது. இரண்டும் மூழ்கின, இயந்திரம் சற்று வேகமாக மூழ்கியது. உகாயின் மாடியில் பாதியை நிர்வாகம் உணவுக்கூடமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. மிச்சமிருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாட்டு மட்டும். மறுநாள் மாலைக்குள் மெட்டை உறுதி செய்யாவிட்டால், ஷிபுயாவில் கணினியில் மெட்டுப் போடும் ஒரு பையனிடம் அது போய்விடும். அந்தப் பையன் குளிப்பதே இல்லை என்பது உகாயின் குற்றச்சாட்டு. அதையும் பெரிய நோயைச் சொல்வது போல்தான் சொன்னார்.

கெடுவுக்கு முந்தின அந்த மாலை செனோ வரவேற்பறையில் கெஞ்சினாள். “சார், உண்மையச் சொல்லிடுங்களேன். மெட்டு உங்களோடதுதானே?”

“சொன்னா அப்புறம் யோசிச்சு யோசிச்சு முணுமுணுப்பாரும்மா. யோசிச்சு முணுமுணுக்க நம்ம ஆபீஸ்லயே ஒரு மாடி ஆளுங்க இருக்காங்களே.”

மறுநாள் நான்கு மணிக்கு உகாய் வந்தபோது வாளியில் சோப்பு இல்லை. பெரிய கடையின் தாள் சுற்றிய யோகான் இனிப்புப் பெட்டி இருந்தது. நீராவி படாமலிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை. மன்னிப்புக் கேட்கப் போகிறவர் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிவது முறை. கமேனோயுவில் அதற்கு வழியில்லை. பிறந்தமேனிக்கு ஓடு பதித்த தரையில் மண்டியிட்டு, பெட்டியை முன்னால் தள்ளி, நெற்றி தரையில் பட உகாய் குனிந்தார். தலைத்துண்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அந்தக் கோலத்தில் ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அவரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நம்பித்தான் ஆகவேண்டும்.

இத்தனை வருடமும் நுகினாவின் பாட்டுகளைத் தான் திருடியதாக உகாய் உரக்கச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் அடங்கியது. அங்கே அன்று மசுயோவோடு செனோவும் காசு கொடுத்துத் தொட்டியில் இறங்கிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

நுகினா பெட்டியில் சுற்றியிருந்த தாளில் கடைப் பெயரைப் படித்தார். “நல்ல கடைதான்” என்றார். பிறகு நனைந்த துண்டை எடுத்துப் பிழிந்து உகாயின் தலையில் தாமே வைத்தார். “யோவ், உள்ள இறங்கு. சளி பிடிக்கப் போவுது.”

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நுகினா வெந்நீர்க் குழாயை ஒரு திருகு மூடினார். இதைவிடப் பெரிய சமாதானம் எங்கள் பேட்டையில் நடந்ததில்லை.

“ரொம்ப நாளா ஒண்ணு உள்ளயே வெச்சிருக்கேன். தொண்டையில நிக்குது” என்றார் நுகினா. “அதை உனக்கே குடுத்துடறேன். ஆனா ஒரு கண்டிஷன். கடைசியில தூக்கக் கூடாது.”

உகாயின் முகம் வெளுத்தது. கறிக்குழம்புக் கட்டியிலிருந்து இன்றுவரை அவர் தூக்காமல் இறக்கிவைத்த பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. “கொஞ்சமா…” என்று ஆரம்பித்தார்.

“கொஞ்சம்கூடக் கூடாது. வர்றது வந்த எடத்துலயே நிக்கட்டும்.”

“என்னங்க, எழுதி வாங்கிக்குங்க” என்றது சுவர்.

“அம்மணமா நிக்கறவன்கிட்ட எதுல எழுதி வாங்கறது? நீ சும்மா இரு மசுயோ.”

உகாய் தலையசைத்துச் சத்தியம் செய்தார். நுகினா கண்ணை மூடி, மூக்கைத் திறந்தார். வந்தது, உகாய் பத்துப் பன்னிரண்டு நாட்களாக அதே தொட்டியில் முணுமுணுத்த அதே மெட்டு. இரண்டு சுரம் பிசகியிருந்தது. மற்றபடி முழுசாக, பல்லவியும் சரணமுமாக வந்தது. அந்தப் பக்கம் யாரோ தண்ணீரை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார்கள்.

“எப்படி?” என்றார் நுகினா.

இப்படி ஒரு மெட்டைத் தன் வாழ்நாளில் கேட்டதேயில்லை என்று உகாய் பணிவாகச் சொன்னார். மனப்பாடம் ஆகவேண்டும், இன்னொரு தடவை பாடமுடியுமா என்றும் கேட்டார். நுகினா பெருந்தன்மையோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். உகாய் நல்ல மாணவனைப் போல மூக்குவரை நீரில் அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தொட்டியின் நடுவில் அவருடைய வலதுகால் கட்டைவிரல் மட்டும் நீருக்கு வெளியே வந்து தாளம் போட்டது. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று ஒரே மட்டத்தில் ஒழுங்காகத்தான் போட்டது. நுகினா கடைசிப் பல்லவிக்கு மூச்சு இழுத்தார். கட்டைவிரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெதுவாக, யாருக்கும் தெரியாமல், கணுக்கால் வரை நீருக்கு மேலே எழும்பியது.