கப்பல் எப்போது வரும்

எங்கள் தீவில், டெலானிபூர் பகுதியில் ஒரு மாடி அறையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸுகள்தான் பெரும்பாலும் வருவார்கள். இலக்கணம் நடத்துவதில்லை. உள்ளே வந்துவிட்டால் பேச்சுதான், அதுவும் ஜெர்மனில்தான். முதல் நாள் பெயர் கேட்கப் பழக்குவதற்குப் பதில், கப்பல் எப்போது வரும் என்று கேட்கப் பழக்குவேன். இங்கே யாரும் யாரையும் கேட்கிற கேள்வி அது. காய்கறி விலையிலிருந்து கல்யாணத் தேதிவரை கப்பலைப் பொறுத்ததுதானே. பேச்சு தானாக நீளும்.

நோட்ஸ் கொடுப்பதில்லை என்று பலர் நின்றுவிட்டார்கள். கடைசியில் ஹேடோவிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண் மட்டும் மிஞ்சினாள். மாலையில் அவளோடு பேசுவதுதான் அன்றைக்கு நான் பேசும் பேச்சு. மரைன் ஹில்லில் என் அறைக்குத் திரும்பினால் ஆளில்லை. அப்பா கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நான் படித்த ஜெர்மனைப் பற்றிப் போனில் அவர் கேட்பது ஒன்றுதான்: “அத அங்க யாருகூடப் பேசுவ தம்பி?” கேலியில்லை, கவலை.

அவளுக்கு வேலைக்கான நேர்காணல் அந்த மாடி அறையிலேயே கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. தேறினால் போய்விடுவாள். தேறாவிட்டால் நான் சொல்லிக்கொடுத்ததற்கு அர்த்தமில்லை. இரண்டையும் நினைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே மழையா என்று திரையிலிருந்த அம்மாள் சும்மா கேட்டாராம். இவள், ஆமாம், அதனால் நாளைக்குக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டாள். மழைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விழிக்க, இவள் விளக்கப் போய், வராத தக்காளி, பக்கத்துத் தீவில் காத்திருக்கும் நோயாளிகள் என்று பேச்சு நீண்டுவிட்டது.

“பக்கா ஃபெயில் சார். கப்பல்லயே மாட்டிக்கிட்டேன்” என்று சொல்லியபடி இறங்கி வந்தாள். முடிவு வந்தபோது தேறியிருந்தாள்.

அவள் போனபின் யாரும் சேரவில்லை. காலி அறையில் நானே கேட்டு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். பதில் தெரிந்த கேள்வி நீளவே மாட்டேன் என்றது.

மழைக்காலத்தில் ஒரு மாலை அவள் அழைத்தாள். ஆசையாக ஜெர்மனில் விசாரித்தேன். வேலை, வீடு, குளிர் எல்லாம்.

“காலைலேந்து அதுதான் சார் பேசுறேன். தமிழ்ல பேசுங்க. இங்க ஆளே இல்ல.”

வாய்வரை வந்திருந்த அடுத்த வாக்கியத்தை விழுங்கினேன். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் ஜெர்மனில்தான். அவளே கேட்டாள்.

“கப்பல் வந்துச்சா சார்?”

“இல்ல. காத்து ஜாஸ்தி” என்று ஆரம்பித்தேன்.