தொப்புள்கொடியின் உட்சுவர்

அல்சூர்ப் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாக்கள் எனக்கு வைத்த பெயர் ‘கொடி மேடம்’. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவேன். குப்பைக்குப் போகவேண்டிய தொப்புள்கொடியை, தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்து வருவேன். கொடிக்குள் ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவரில் செல்கள் ஒரே அடுக்காக ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்போம். வளர்ந்ததும் பாதியில் நானோ துகள்களை ஊற்றுவோம். மீதிப் பாதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவைப்போம். துகள் என்றால் வெள்ளை பெயின்டில் இருக்கிற அதே சரக்குதான், மயிரிழையை ஆயிரமாகப் பிளந்த அளவில். ரத்தத்தில் கலந்தால் குழாய்ச் சுவர் தாங்குமா என்பதுதான் கேள்வி. பல துகள்களுக்குத் தாங்காது. நெருங்கி நிற்கும் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகும், சுவர் ஒழுகத் தொடங்கும்.

கையெழுத்து வாங்குவதில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தாலே இப்போது எரிச்சலாக இருக்கிறது. மர்பி டவுனிலிருந்து சிசேரியனுக்கு வந்திருந்த ஒரு பெண் தயங்கினாள். தாயத்தில் அடைக்கக் கொடி வேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

“கொழந்தை தொப்புள்ல ஒட்டிட்டு இருக்கறது உங்களுக்குத்தாம்மா. மீதிய வீசிடுவாங்க. எங்ககிட்ட குடுத்தா உயிரோட இருக்கும்,” என்றேன்.

படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. துகள் ஊற்றுவது பற்றி இருந்த வரியை வாய்க்குள்ளேயே படித்து முடித்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் நாள் அவள் தையல் பிரிக்க வந்தாள். கையில் குழந்தை இல்லை. நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“மூணாம் நாளே பூட்ச்சு மேடம். மூச்சு சரியா வரல.”

அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“உங்களாண்ட குடுத்தது இன்னும் உசுரோட கீதுங்களா?”

தட்டுகளில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். ஆனால் அன்று கிடைத்தது அவளுடைய கொடி ஒன்றுதான் என்பதால் எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் நானே அதில் துகள் ஊற்றியிருந்தேன்.

“இருக்கும்மா,” என்றேன்.

“ஒரு வாட்டி பாக்க உடுவாங்களா?”

ஆய்வகத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். மறுக்கவும் மனம் வரவில்லை. போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். துகள் படாத பாதி அது. இம்மி இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கும் செல்கள். அவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“எவ்ளோ நெருக்கமா கீது,” என்றாள். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையை அவள் எத்தனை முறை தொட்டிருப்பாளோ தெரியவில்லை.

அவள் விரல் வழுக்கி அடுத்த படம் வந்துவிட்டது. அதே கொடி, துகள் ஊற்றிய பாதி. செல்கள் சுருங்கி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தன. நடுவெல்லாம் ஓட்டை.

“இது வேற கொழந்தையோடதுங்களா?”

“ஆமா,” என்றேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாவம். அந்தம்மாவாண்ட சொல்லிட்டீங்களா?”

இன்னும் சொல்லவில்லை என்றேன்.